அடுத்த வசனம்

கம்பளிப்பூச்சி ஏறிவிட்டதென்று தங்கையா முருங்கையை வெட்டிச் சாய்த்த நாளில், அவர் மனைவி எப்சிபா அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பூத்து நின்ற மரம், அவள் நட்டது. "திரும்பத் துளிர்த்துரும் எப்சி, முருங்கைதானே" என்று அவர் மதியமே சொல்லிப் பார்த்தார்.

ஆனாலும் விளக்கு வைத்ததும் ஜெபத்துக்கு உட்கார்ந்துதானே ஆகவேண்டும். கல்யாணமான புதிதில் பைபிளில் வரும் அந்த நீண்ட சங்கீதத்தை இருவரும் சேர்ந்து மனப்பாடம் செய்திருந்தார்கள். கோயிலில் போதகரும் சபையும் மாறி மாறிச் சொல்வதுபோல அவருக்கு ஒரு வசனம், இவளுக்கு ஒரு வசனம். ஒருவர் வாயை மூடிக்கொண்டால் மற்றவர் மேலே போக முடியாது. முடிக்காமல் சோறும் கிடையாது.

அவர் தன் வசனத்தைச் சொன்னார். இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு தன்னுடையதை வெடுக்கென்று சொன்னாள். அப்படியே போய், அன்றைய பகுதியின் கடைசிக்கு முந்தின வசனத்தில் அவர் பாதியில் நின்றுவிட்டார். அடுப்படியில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"தேனிலும்" என்றாள் எப்சிபா, பொறுக்கமாட்டாமல்.

"ஆங், தேனிலும்" என்று பிடித்துக்கொண்டு அவர் முடித்தார்.

அந்த இடத்தில் அவர் ஒருநாளும் தடுக்கியதில்லை என்பது அப்புறந்தான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். கண்ணை இறுக மூடியிருந்தார். மீசை மட்டும் துடித்தது.

மிச்சமிருந்தது அவளுடைய வசனம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இரண்டு சொல் சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

"எனக்கும் மறந்துபோச்சு" என்றாள். "எடுத்துக் குடுங்க."