நாலாம் நம்பர் பாட்டில்

"மறுபடியும் பொய் சொல்லுது பாரு அம்மணி, உம்பட பெட்டி!" பேராசிரியர் தமிழ்வேந்தன் மேசையில் ஓங்கித் தட்டினார்.

யுவஸ்ரீக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓர் அட்டைப் பெட்டி, உள்ளே ஒரு எல்.இ.டி. பல்பு, பழைய செல்போன் கேமரா. சிறுநீரில் புரதம் கசிந்தால் ஒளியை வைத்தே கண்டுபிடித்துவிடும் கருவி. அந்தியூரில் அவள் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டதே கடைசி வாரத்தில்தான் தெரிந்தது. அந்த ஆத்திரத்தில் ஆரம்பித்த மூன்று வருட ஆராய்ச்சி இது.

சோதனைக்காக, பேராசிரியர் முதல் துப்புரவுப் பணியாளர் பங்காரு வரை ஆய்வகத்தில் ஐந்து பேர் சாம்பிள் கொடுத்திருந்தார்கள். யாருடையது எது என்று தெரிந்துவிடக் கூடாதல்லவா, உதவியாளர் வேலன் பாட்டில்களில் வெறும் எண்ணை ஒட்டி, பெயர்ப் பட்டியலை உறையில் போட்டு மூடிவிட்டார். நாலு பாட்டில்கள் சுத்தம். நாலாம் நம்பரை மட்டும் காலையிலிருந்து ஏழு தடவை வைத்தாயிற்று, ஏழு தடவையும் புரதம் என்றே காட்டியது.

"அஞ்சு பேரும் கல்லாட்டம் இருக்கறோம். மூணு மணிக்குக் கமிட்டி வருது. இதையக் காட்டுனா எம்பட மானம் போயிரும். புராஜெக்டை மூடிரலாம்."

"சார், ஒரே ஒருக்கா அந்த பாட்டிலை ஆஸ்பத்திரி லேபுக்கு அனுப்பிப் பாக்கலாமுங்க. அங்கயும் ஒண்ணுமில்லைன்னா நானே மூட்டை கட்டிட்டு ஊருக்குப் போயிர்றேனுங்க." கையெடுத்துக் கும்பிட்டாள். வெட்கப்படுகிற நிலையிலா இருந்தாள் அவள்?

"என்னமோ பண்ணு." எப்போதும் பளபளக்கும் ஷூவில் வருகிறவர், ஷூ காலை இறுக்குகிறதென்று போட்டு வந்த ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

இரண்டரை மணிக்கு ஆஸ்பத்திரி லேபிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"நாலாம் நம்பர்ல புரதம் ரொம்ப ரொம்ப அதிகமுங்க. யாரா இருந்தாலும் இன்னைக்கே கிட்னி டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க."

யுவஸ்ரீ தரையிலேயே உட்கார்ந்து தேம்பினாள். ஸ்பீக்கர் சத்தம் கேட்டு வந்த பேராசிரியருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஜெயிச்சுப்போட்ட அம்மணி! கமிட்டிக்கு இது ஒண்ணு போதும். ஏனுங்க வேலன், உறையைப் பிரிங்க. பாவம், யாருன்னு தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட அனுப்பிரலாம்."

வேலன் உறையைக் கிழித்தார். பட்டியலைப் பார்த்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை.

"நீங்கதானுங்க சார்."