பயத்துக்கு எத்தனை மார்க்?

மருத்துவமனை நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டு, கண் கொட்டாமல் எதிர்ச்சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. வலது கால் மட்டும் அடிக்கடி தரையை அழுத்தியது.

"பாவம், பயத்துல உதறுது," என்று பக்கத்து நாற்காலி அம்மாள் உச்சுக்கொட்டினாள். பயப்படாமல் என்ன செய்வார்? நுரையீரலில் ஆரம்பித்த புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று டாக்டர் சொல்லியாயிற்று.

மனைவியோ கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி உலாத்திக்கொண்டிருந்தாள். புருஷன் இருக்கிற இருப்பில் இவளுக்கு இந்த மினுக்கு எதற்கு என்று காத்திருந்தவர்களில் பாதிப் பேர் மனசுக்குள் கேட்டார்கள். மீதிப் பேர் வாய்விட்டே கேட்டார்கள்.

அந்த மருத்துவமனையில் டாக்டரைப் பார்க்குமுன் மனநல ஆலோசகரைப் பார்க்க வேண்டும். வந்ததும் வராததுமாக நோயாளியைத் தனியே உட்காரவைத்து, மனச்சோர்வுக்கும் பயத்துக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்பார் அந்த ஆலோசகர். டிரைவரின் முறை வந்தது.

"மனச்சோர்வு எவ்வளவு சார்?"

"ஒண்ணு போடும்மா. சாப்பிடுறேன், டி.வி. பாக்குறேன், எதிர்வீட்டுக்காரனோட சண்டை போடுறேன். வேறென்ன வேணும்?"

"பயம்?"

"ஒன்பது."

ஆலோசகர் நிமிர்ந்து பார்த்தார். "மகன் கூட்டிட்டு வந்தப்பல்லாம் ரெண்டுக்கு மேல சொன்னதில்லையே. அவர் வெளியூர் போனதுலேர்ந்துதான் ஏறுது. மகனைத் தேடுதா?"

"அவனையா? தினமும் போன் பண்ணிக் கழுத்தை அறுக்கிறான். தேட எங்கே விடுறான்!"

"சரி, பயம் குறைய மாத்திரை தரச் சொல்றேன். கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான்."

டிரைவர் துள்ளி எழுந்தார். "ஐயையோ, தூக்கமா? நான் கண்ணை மூடவே கூடாதும்மா!"

ஆலோசகருக்குப் புரிந்துவிட்டது. தூங்கினால் எழுந்திருக்க மாட்டோம் என்கிற பயம். இப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்! குரலைத் தாழ்த்தினார். "சாவை நினைச்சா பயமா இருக்கா சார்?"

"அதுக்கென்னம்மா பயம்? கடைசி நிறுத்தம் வந்தா எல்லாரும் இறங்க வேண்டியதுதானே. இது வேற." கதவை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாதே. நான் பயப்படுறேன்னு தெரிஞ்சா அவ விட்டுடுவா. எனக்கப்புறம் யார் கையையும் எதிர்பாக்காம இருக்க அவளுக்கு அது வேணும்."

"எது வேணும்?"

அதற்குள் கதவு திறந்தது. மனைவி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா? டாக்டரைப் பாத்துட்டு சீக்கிரம் கிளம்பணும். இன்னிக்கு காரை மேம்பாலம் வழியா ஓட்டிப் பாக்கப் போறேன்!"

டிரைவரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"பத்துன்னே போட்டுக்கோம்மா."