எறங்கச் சொன்னது யார்

மேனேஜர் பேசி முடித்துவிட்டுப் பிரவின்குமாரைப் பார்த்தார். இனி அதைத் தமிழில் சொல்ல வேண்டியது அவன் பொறுப்பு.

எதிரே சோபாவில் வேண்டா உட்கார்ந்திருந்தாள். மகனுக்குக் காரியம் முடிந்த கையோடு படாளத்திலிருந்து தனியாகவே பஸ் பிடித்து மாமல்லபுரம் வந்திருந்தாள். யாரோ பழக்கதோஷத்தில் அவளுக்கும் வெல்கம் டிரிங்க் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். கண்ணாடி டம்ளரின் விளிம்பில் ஓர் ஆரஞ்சுத் துண்டு செருகியிருந்தது.

அவள் மகன் ரஞ்சித் இந்த ரிசார்ட்டில் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டவன். தண்ணீருக்குள் எரியாமல் போன விளக்கைச் சரிபார்க்க இறங்கியபோது மின்சாரம் தாக்கிச் செத்துப்போனான்.

மேனேஜர் வடக்கே எங்கோ பிறந்தவர். தமிழ் ஒரு சொல் தெரியாது. வரவேற்பு மேசையில் நிற்கும் பிரவின்தான் அவருக்கு வாயும் காதும்.

நிர்வாகம் தன் ஆழ்ந்த வருத்தத்தை 'எக்ஸ்பிரஸ்' செய்கிறது என்று சொல்லியிருந்தார் மேனேஜர்.

"ரிசார்ட் சார்பா வருத்தத்தத் தெரிவிச்சிக்கிறாரும்மா."

வேண்டா நிமிர்ந்தாள்.

"தெரிவிச்சிக்கிறாரா? படலியா?"

பிரவினுக்குக் காது சுட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொடுத்த பயிற்சி நினைவுக்கு வந்தது. தங்க வருகிறவர்களிடம் எதையும் 'டெல்' பண்ணக் கூடாது. வாடகை ஏறியதென்றால் 'இன்ஃபார்ம்'. அறை இல்லையென்றால் 'கன்வே'. நம் பக்கம் தவறென்றால் வருத்தத்தை 'எக்ஸ்பிரஸ்'. தமிழில் இவை எல்லாமே 'சொல்லுவது'தான். பிறகு எதற்கு இத்தனை சொல் என்று அன்று அவன் சிரித்திருந்தான். சொல்லுகிறவன் தன் மேல் எதுவும் ஒட்டாமல் சொல்லிவிட்டுப் போகத்தான் என்று இப்போது புரிந்தது.

அவனுக்கு மேனேஜர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவள் முன்னால் உட்கார்ந்துகொண்டு இது என்ன பேச்சு? தப்பு எங்களுடையதுதான் என்று ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

மேனேஜர் மறுபடி பேசினார். இந்த முறை பிரவினைப் பார்க்காமல் வேண்டாவைப் பார்த்துப் பேசினார். குரல் கொஞ்சம் உடைந்தது. பம்ப் ரூமில் மெயினை அணைத்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று உங்கள் மகனுக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது என்றார். அதை அம்மாவுக்குப் புரியும்படி சொல்லு என்றார்.

பிரவின் வெளியே பார்த்தான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தண்ணீர் வடித்த குளம் தெரிந்தது. நீல டைல்ஸ் வெயிலில் காய்ந்து கிடந்தது.

"கரெண்ட ஆஃப் பண்ணிட்டு எறங்கச் சொல்லியிருந்தோம்னு சொல்றாரும்மா."

வேண்டா கத்தவில்லை. அழவும் இல்லை. முன்னால் இருந்த டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"எம்புள்ள சொன்னா கேக்கறவன்பா. நீ அவங்கூட வேல செஞ்சவன், ஒனக்குத் தெரியாதா? இன்னா சொன்னாலும் அத அப்படியே செய்வான். ஆஃப் பண்ணுன்னு அவங்கிட்ட யாரு சொன்னது?"

"இவர்தாம்மா சொன்னாரு."

அவள் மேனேஜரைப் பார்த்தாள். பிறகு பிரவினைப் பார்த்தாள்.

"இவருக்குத்தான் தமிழே வராதேப்பா. எம்புள்ளைக்கு இங்கிலீஷ் வராது."

ரஞ்சித் செத்துப்போன அன்று சாயங்காலம் புல்வெளியில் ஒரு கல்யாண வரவேற்பு நடந்தது. பாட்டுச் சத்தத்தில் மேனேஜர் அவன் காதருகே குனிந்து இரண்டு விஷயம் சொன்னார். ரஞ்சித்திடம் முதலில் மெயினை அணைக்கச் சொல்லு. அப்புறம் இறங்கி விளக்கைப் பார்க்கச் சொல்லு. மாப்பிள்ளை வீட்டார் போட்டோ எடுக்கக் குளத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். வழியில் ஒருவர் அறைச் சாவி கேட்டார், இன்னொருவர் ஐஸ் கேட்டார். குளத்தருகே போய்ச் சேர்ந்தபோது பிரவினின் வாயிலிருந்து வந்தது இரண்டாவது விஷயம் மட்டும்தான்.

ரஞ்சித் 'சரிண்ணா' என்று சட்டையைக் கழற்றினான்.

"அம்மா என்ன சொல்கிறார்?" என்று இப்போது மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார்.

படாளம் திரும்பிப் போகச் செங்கல்பட்டு பஸ் எப்போது என்று கேட்கிறார் என்றான் பிரவின்.

மேனேஜருக்கு மனசு கேட்கவில்லை. இந்த வெயிலில் பஸ்ஸில் எதற்கு என்றார். ரிசார்ட் காரை எடுக்கச் சொன்னார். வழியில் அம்மாவுக்கு ஏதாவது தேவைப்படும், டிரைவருக்கும் தமிழ் தெரியாது, நீயே கூடப் போய் வீட்டில் விட்டுவிட்டு வா என்று அவன் தோளைத் தட்டினார்.

அதையும் பிரவின்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

வேண்டா பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாப்பா," என்றாள். "போற வழியில சொல்லு."