ஒரே ஓர் ஆதரவுக் குரல்

மெக்சிகோவின் புவெப்லா நகரில் காலையிலிருந்து வாசல் வாசலாக ஏறி இறங்கியதில் எல்விராவுக்குக் காலோடு மனசும் வலித்தது. நம்பர் பிளேட்டின் கடைசி எண்ணைப் பார்த்து, வாரத்தில் ஒரு நாள் காரை வீட்டிலேயே நிறுத்தவைக்கும் திட்டம். புகை குறையும், பூமிச் சூடும் கொஞ்சம் தணியும். இதற்கு மக்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதுதான் அவளது ஆராய்ச்சி.

"முதல்ல மேயரை நடந்து வரச் சொல்லு, அப்புறம் நான் காரை நிறுத்துறேன்!" என்றாள் ஒருத்தி.

"எங்கம்மாவை ஆஸ்பத்திரிக்கு நீ தூக்கிட்டுப் போவியா?" என்று கதவைச் சாத்தினான் இன்னொருவன்.

கேள்வித்தாளைக் கிழித்தெறிந்துவிட்டு வேறு வேலை தேடலாமா என்றிருந்தது.

கடைசி வீட்டு எவரிஸ்தோ மட்டும் நாற்காலி போட்டு, செம்பருத்தி சர்பத் கொடுத்தார்.

"அருமையான திட்டம் மேடம்! நாளைக்கே கொண்டுவரச் சொல்லுங்க."

எல்விராவுக்குக் கண் கலங்கியது. "நகரசபைக் கூட்டத்துல வந்து இதைச் சொல்வீங்களா ஐயா?"

"குடும்பத்தோட வர்றேன். எதிர்த்துப் பேசுறவங்க வாயை நான் அடைக்கிறேன்."

"இந்த ஊர்ல உங்களுக்கு மட்டும் எப்படிங்க இவ்வளவு அக்கறை?"

எவரிஸ்தோ எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தார். வரிசையாகப் பழைய கார்கள். ஒவ்வொன்றின் முன்கண்ணாடியிலும் வெள்ளைச் சாயத்தில் விலை எழுதியிருந்தது.

"தலைநகர்ல இது வந்தப்போ, அந்த ஒரு நாளைக்குன்னே வேற நம்பர்ல ரெண்டாவது கார் வாங்கினாங்க மேடம். அங்க பழைய கார் யாவாரம் பண்ற என் தம்பி மாடி மேல மாடி கட்டிட்டான். இங்க மட்டும் ஏன் இவ்வளவு லேட்டு?"