முந்தி வந்த உருண்டை

"ஊ... ஊ... ஊ...!"

தேயிலை ஃபேக்டரியின் காலைச் சங்கு அலறியதில் கூரையில் உட்கார்ந்திருந்த காக்கைகள் கலைந்தன. அது ஓய்வதற்குள் கிளார்க் வேலுமணி கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். தலையில் பளீரென்று மஞ்சள் கம்பளிக் குல்லா. மூடுபனியில் லாரிக்காரன் கண்ணுக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று மனைவி ஸ்ரீமதி தேடிப் பிடித்துப் பின்னிய நிறம்.

வழக்கமாக இந்த இடத்தில் நின்று கைக்கடிகாரத்தைச் சங்குக்குச் சரியாகத் திருப்பி வைத்துக்கொள்வார். "பாத்தியா, சங்கும் நானும் ஒண்ணா வர்றோம்!" என்று வாட்ச்மேன் பரமசிவனிடம் பெருமையடிப்பார். எஸ்டேட்டில் எல்லாக் கடிகாரங்களுக்கும், மேலே மேனேஜர் துரை பங்களாவில் தொங்குவதற்கும்கூட, அந்தச் சங்குதான் கணக்கு.

இன்றைக்கு அவர் சரிசெய்ய வந்தது கடிகாரத்தை அல்ல.

"யோவ் பரமசிவா! கீழே எறங்குய்யா!"

சங்கு அறை படிக்கட்டில் பரமசிவன் வருவதற்குள், கொழுந்து பறிக்கக் கிளம்பிய பெண்களில் சின்னம்மை முந்திக்கொண்டாள்.

"ஏனுங்கய்யா, உங்க உருண்டை எப்பங்க விழுது? கூடையைக் காலியா வெச்சுக்கட்டுங்களா?"

கூட்டமே சிரித்தது.

உருண்டை என்பது, அறுபதுகளில் அமெரிக்காக்காரன் வானத்தில் விட்ட அலுமினியப் பந்து. உள்ளே ஒரு கருவியும் கிடையாது. கீழே இருக்கும் ரேடார் சரியாக அளக்கிறதா என்று சோதிக்க, அளவு தெரிந்த ஒரு பொருள் மேலே சுற்ற வேண்டும். அதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. தேயிலை விலை படுத்து, ஃபேக்டரி பாதி நாள் மூடிக் கிடந்த காலத்தில், வேலையில்லாத கிளார்க்குக்கு வேலையில்லாத பந்தைப் பிடித்துப்போயிற்று.

விடியுமுன் பைனாகுலரோடு குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று, அது கடக்கும் நேரத்தைக் குறிப்பார். பிறகு போர்வைக்குள் ஒரு குட்டித் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, அதே பைத்தியம் பிடித்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அதையெல்லாம் அனுப்புவார்.

மாதத்துக்கு மாதம் உருண்டை தன் நேரத்துக்கு முந்தி முந்தி வந்தது. தாழ்ந்தால்தான் சுற்று வேகம் கூடும்; அப்படியானால் கீழே இறங்குகிறது, விழப்போகிறது என்று முடிவுகட்டி துரைக்கே மனு எழுதிக் கொடுத்தார். துரை படித்துவிட்டு, "நாலாம் நம்பர் தேயிலைக் காட்டுல விழுந்தா நல்லது வேலுமணி. இன்சூரன்ஸாவது வரும்" என்றார். அன்றிலிருந்து எஸ்டேட்டில் அவர் பெயரே 'உருண்டை' ஆகிவிட்டது.

"இங்கிலாந்துக்காரன் பதில் எழுதிட்டான்யா!" என்று வேலுமணி பரமசிவன் மேல் பாய்ந்தார். "உருண்டை அது பாட்டுக்குச் சரியாத்தான் சுத்துதாம். மத்த எல்லாரும் கரெக்ட் டைமுக்குப் பாத்திருக்காங்க. 'உன் கடிகாரத்தைப் பாரு'ன்னு எனக்குப் புத்தி சொல்றான்!"

"பாத்தீங்களாங்க?"

"இன்னிக்கு ரேடியோ நியூஸுக்கு வெச்சுப் பாத்தேன். எட்டு நிமிசம் ஸ்லோ! அதான் உருண்டை முந்தி வந்த மாதிரி தெரிஞ்சிருக்கு. என் வாட்ச் ஓடறது உன் சங்கை நம்பி. அப்ப லேட்டு யாரு?"

பரமசிவன் மஃப்ளரைக் கழற்றி மறுபடி சுற்றிக்கொண்டார்.

"எட்டாவா ஆயிருச்சுங்க? மொதல்ல ரெண்டு, மூணுதானுங்க இருந்துச்சு."

"அடப்பாவி, வேணும்னேதான் பண்றியா?"

"ஒருத்தருக்காகத்தானுங்க. சங்கு ஓஞ்சப்புறம் வர்ற ஸ்டாஃப் பேரைத் துரை எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்காருங்களே. ஆள் கொறைக்கறப்ப அந்தப் பேருதான் மொதல்ல போகுமாமா. அவரு புள்ளகுட்டிக்காரருங்க. அவரு ஊட்டம்மா வேற வந்து கையெடுத்துக் கேட்டாங்க. மனசு கேக்கலீங்க."

"ஒரு சோம்பேறிக்காக என் ஆராய்ச்சிலயே மண்ணள்ளிப் போட்டுட்டியேய்யா! தப்பே பண்ணாத பந்தைப் போய் நான் சந்தேகப்பட்டுட்டேன். ஊரு சிரிக்குது. எவன்யா அவன்? ஸ்டோர் சில்வஸ்டரா?"

"அவரு டைமுக்கு வந்துருவாருங்க."

"ட்ரையர் ஞானசீலன்?"

"அவரு எனக்கு முந்தியே வந்து நிப்பாருங்க."

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சின்னம்மைக்குத் தோள்கள் குலுங்கின. தம் கோபத்துக்கு இத்தனை ரசிகைகளா என்று வேலுமணிக்குக் குரல் இன்னும் ஏறியது.

"டைமுக்கு எந்திரிச்சு வர யோக்கியதை இல்லாதவனுக்கு எதுக்குய்யா உத்தியோகம்? நானெல்லாம் ராத்திரி கண்ணு முழிச்சும் ஒரு நாளாவது லேட்டா வந்திருக்கேனா? பேரைச் சொல்லு. இல்லாட்டி இப்பவே துரைகிட்டப் போறேன். அவன் வேலையும் போகும், உன் வேலையும் போகும்!"

"வேண்டாமுங்கய்யா..."

"சொல்றியா, போகட்டுமா?"

வேலுமணி பங்களா படியில் ஒரு கால் வைத்தேவிட்டார். பரமசிவன் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தார். சங்கு அறையின் சின்ன ஜன்னலையும், அதற்கு நேர் எதிரே ரோடு திரும்புகிற வளைவையும் காட்டினார்.

"அந்த வளைவுல உங்க மஞ்சக் குல்லா தெரிஞ்சாத்தானுங்கய்யா, நான் தினமும் சுவிட்சுலயே கை வெப்பேன்."