குறைந்துவிட்டது

"தக்கிந்தின்னு டாக்டரே சொல்லுதாரு. நீங்க ஏன் இப்பிடி உம்முன்னு வாரீங்க?"

ஆட்டோ மாரெட்பள்ளிக்குள் திரும்பியபோது பகவதி கணவனின் தொடையைத் தட்டிக் கேட்டாள். வெயிலில் தலை வலிக்கிறது என்றான் தமிழ்ச்செல்வன்.

திருநெல்வேலியிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்த பிறகு அவள் கற்றுக்கொண்ட தெலுங்கை ஒரு கைக்குள் அடக்கிவிடலாம். அதில் இந்த வார்த்தை உண்டு. மகள் மாதங்கிக்குக் காய்ச்சல் விட்டபோதெல்லாம் எதிர்வீட்டு ஸ்டெல்லா நெற்றியைத் தொட்டுப் பார்த்து இதைத்தான் சொல்வாள். தக்கிந்தி என்றால் குறைந்துவிட்டது. நோயாளி இருக்கும் வீட்டில் அதைவிட நல்ல வார்த்தை எது?

தமிழ்ச்செல்வன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த ஊரில் வேலை பார்ப்பவன். டாக்டரும் அவனும் மளமளவென்று தெலுங்கில் பேசிக்கொண்டதில் அவளுக்குப் பிடிபட்டது அந்த ஒரு வார்த்தைதான். அது அவளுக்குப் போதும்.

சிகரெட் வாசனையே ஆகாதவள். அவளுக்குப் போய் நுரையீரலில் புற்றுநோய். என்ன நியாயமோ, சாமிக்குத்தான் வெளிச்சம். இருமல் அதிகமானபோது மாதங்கியை ஊரில் பகவதியின் தங்கை ராஜி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அம்மா மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்தால் பிள்ளை பயந்துவிடும், நோய் குறையட்டும், பிறகு கூட்டிவரலாம் என்றான் தமிழ்ச்செல்வன். பகவதி அழுதும் பார்த்தாள், சண்டை போட்டும் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் அவள் பாதி செத்துவிட்டாள்.

வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கேட்டாள்.

"இப்பந்தான் குறைஞ்சிட்டுல்லா. இனியாவது எம்புள்ளயக் கூட்டிட்டு வரலாமா?"

"வரச் சொல்லுதேன்."

இவ்வளவு சுலபமாக அவன் எதற்குமே சம்மதித்ததில்லை. அவளிடம் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. முகத்தில் மட்டும் ஏன் சிரிப்பைக் காணோம்? சூடு பட்ட பூனை, நல்ல சேதியைக்கூட நம்பப் பயப்படுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தலைகால் புரியவில்லை அவளுக்கு. ராஜிக்குப் போன் போட்டாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ஸ்டெல்லாவிடம் அந்த வார்த்தையைச் சொல்ல, ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். பகவதி மூச்சு வாங்க வாங்க மாதங்கியின் தலையணைக்கு உறை மாற்றினாள். இந்த வருஷம் பிள்ளையை இங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம் என்றாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான்.

அவன் கூப்பிட்டபோது ராஜி சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தாள். அம்மன் கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மாதங்கியைக் கூட்டிவருகிறேன் என்றாள்.

"லீவு வரைக்கும் வேண்டாம் ராஜி. நாளைக்கே கெளம்பு."

"என்ன அவசரம் அத்தான்? அதான் குறைஞ்சிட்டுன்னு டாக்டர் சொல்லிட்டாராமே?"

தமிழ்ச்செல்வன் மாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"குறைஞ்சது நோய் இல்ல ராஜி, ரத்தத்துல உள்ள கொழுப்பு. கட்டி அதையும் தின்னு வளந்து, உடம்பெல்லாம் பரவிட்டுதாம். அவ சிரிச்ச முகமா இருக்கும்போதே புள்ள வந்து பாத்துக்கிடட்டும்."