சாடிக்குள் நாற்பது சில்லுகள்

இருபத்தெட்டாவது பானைச் சில்லில் ஸ்டமாட்டிஸின் பெயரைக் கீறும்போது ஆணி வழுக்கி எவான்தியாவின் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. ரத்தத்தைப் பாவாடையில் துடைத்துவிட்டு ஆணியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். இன்னும் பன்னிரண்டு எழுத வேண்டும். வெளியே பல்கலைக்கழக முற்றத்தில் விருந்து தொடங்கிவிட்டது.

கையெழுத்தை மாற்றி மாற்றி எழுதினாள். பழைய ஏதென்ஸில் ஒரே கிணற்றில் கிடைத்த சில்லுகளைக் கையெழுத்தை வைத்தே கள்ள ஓட்டு என்று பிடித்த கதையை, இருபத்தாறு வருடமாக வகுப்பில் சொல்லிவருபவள் அவள்தான்.

ஏதென்ஸ்காரர்கள் ஓட்டுப் போட்டு ஆளை நாடுகடத்திய அந்தப் பழைய வழக்கத்தை இந்த வருடம் மாணவர்கள் தூசி தட்டியிருந்தார்கள். பானைச் சில்லில் ஓர் ஆசிரியரின் பெயரை எழுதிச் சாடியில் போட வேண்டும். அதிகம் விழுந்தவருக்கு நாடுகடத்தல்; அன்றைய ஏதென்ஸில் அது பத்து வருடம். விருந்துக்கு வந்த யார் வேண்டுமானாலும் போடலாம்.

சக ஆசிரியன் ஸ்டமாட்டிஸ் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவன் ஸ்பார்ட்டாவைப் பற்றிப் பேசினால் ஊர்க்காரர்கள் வாசற்படிவரை உட்காருகிறார்கள். இவள் வகுப்பில் என்றைக்கும் அதே முப்பத்தெட்டு முகங்கள்.

அதிலும் போன வாரம் ரினியோ என்ற மாணவி எழுந்து, "மேடம், கப்பல்ல போனா உங்களுக்கு வாந்தி வருமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.

எல்லோரும் ஆட்டுக்கறித் தட்டைச் சூழ்ந்த நேரத்தில், கழுத்துத் துணியில் மூட்டையாகச் சுற்றி மறைத்திருந்த நாற்பது சில்லுகளையும் சாடிக்குள் சரித்தாள்.

"விரல்ல என்ன ரத்தம் எவான்தியா? யாரைக் கொன்னுட்டு வர்றீங்க?" சாராயக் கோப்பையோடு ஸ்டமாட்டிஸ் நின்றிருந்தான்.

"உன்னைத்தான்."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் பல்வரிசையும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

ரினியோ நாற்காலிமேல் ஏறி முடிவைச் சொன்னாள். "ஸ்டமாட்டிஸ் சார், நாற்பத்தொண்ணு!"

எவான்தியாவுக்கு உச்சி குளிர்ந்தது. கூடுதலாக ஒரு புண்ணியவான் வேறு!

"எவான்தியா மேடம்... முப்பத்தெட்டு."

கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். முப்பத்தெட்டா? வகுப்பில் ஒன்று பாக்கியில்லாமல் அத்தனை பேருமா?

"சரிம்மா, தோத்துட்டேன். என்னை எங்கே துரத்தப் போறீங்க?" என்றான் ஸ்டமாட்டிஸ்.

"காவ்தோஸ் தீவுக்கு சார்." ரினியோவின் குரல் உள்ளே போயிருந்தது. "பத்து வருஷத்துக்குப் பதிலா பத்து நாள். கப்பல், வீடு எல்லாம் எங்க செலவு. எங்க வகுப்பு மொத்தமும் கூட வரும்."

எவான்தியாவின் காதில் எதுவும் ஏறவில்லை. நேராகப் போய் அந்தப் பெண்ணின் முழங்கையைப் பிடித்தாள்.

"முப்பத்தெட்டு பேருக்கும் என்னைப் பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே, ரினியோ? எதுக்கு இந்த நாடகம்?"

ரினியோ நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் மேடம் இந்த விளையாட்டையே ஆரம்பிச்சோம்."